சலித்த பிறகு

லீ பஜாரில் எங்கள் மண்டியில்
தேயிலைக்கு நான்கு சல்லடை.
முதலாவதில் நிற்பது
கண்ணாடிக் கோப்பை வைத்திருக்கும் வீடுகளுக்கு.
இரண்டாவதில் நிற்பது ஓட்டலுக்கு.
மூன்றாவது பாக்கெட்.
எல்லாக் கண்ணிலும் நழுவி
அடியில் விழும் தூள்தான்
சேலம் குடிப்பது.
பழைய பஸ் ஸ்டாண்டில்
கறைபடிந்த துணிப்பைக்குள் கிடந்து
வெந்நீர் பட்டதும் கபகபவென்று இறங்குமே, அது.

சல்லடையில் குறுக்கே விழுந்து
வழியை அடைக்கும் காம்பைத்
தனிச் சாக்கில் கட்டுவோம்.
மாதம் ஒருமுறை உரக்காரன் வருவான்.

பதினோரு வருஷமாகச் சலிக்கிறேன்.
"சலிக்கலையா?" என்பார் தன்ராஜ் சேட்
தீபாவளிக்குத் தீபாவளி,
அதே சிரிப்போடு.

பச்சையாக ஒரு தேயிலையை
நான் பார்த்ததே இல்லை.
கறுப்பாகத்தான் காய்க்கும் என்று
சேர்ந்த புதிதில் நினைத்திருந்தேன்.

கொலுசுப் பட்டறை சம்பூரணம்
செல்போனில் ஒரு படம் காட்டினாள்.
விரியாத மொட்டுகள்,
ஒவ்வொன்றும் ஒரு வெள்ளி ஊசி,
மேலே பூனைக்குட்டியின் ரோமம்.
கிலோ விலையைப் படித்துவிட்டு
இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.
"இது வேற செடியா?"
அதே செடிதான்.
நுனியை மட்டும் கிள்ளி
சும்மா உலர விட்டுவிடுவார்கள்.
"சும்மா விட்டதுக்கா இவ்வளவு காசு?"

ஊசி தேடிப் போனவளுக்கு
ஏற்காட்டுப் பாதையில் இருபது கொண்டை ஊசி.
மூன்று முறை வாந்தி எடுத்தாள்.
காப்பித் தோட்டத்து எல்லையில்
யாரோ எப்போதோ வைத்துப் பார்த்து
மறந்துபோன ஒன்பது செடிகள்,
கவாத்து காணாமல் மரமாகி நின்றன.
காவல் வெள்ளையன் ஏணி கொடுத்தார்.
"ஆடுகூட வாய் வைக்காதும்மா."
இறங்கும்போது ஒரு மஞ்சப்பை நிறைந்திருந்தது.

அன்று இரவு என் மாடி அறை.
மொட்டுகளை முறத்தில் பரப்பித்
தொடாமல் விட்டோம்.
ஒரு பங்கு இலைக்கு
இட்லிப் பானையில் ஆவி காட்டினோம்.
சூடு கண்ட இலை அதன்பின் மாறாது,
பச்சையைப் பிடித்த பிடியில் வைத்திருக்கும்.
ஒரு பங்கைக் குலுக்கிக் குலுக்கி
ஓரம் மட்டும் கன்ற வைத்தாள்.
மிச்சத்தை நான் கசக்கினேன்,
சாறு மணிக்கட்டுக்கு வழியும்வரை.
கொஞ்ச நேரத்தில் செம்பு நிறம்.
பழக்கடை மூடும் நேரத்து வாசம்.

"இரும்பு துருப்பிடிக்கிறாப்ல" என்றாள்.
அவள் அண்ணன் உருக்காலையில்
துருவே பிடிக்காத தகடு உருட்டுகிறான்.
நாங்கள் துருவுக்குக் காவல் இருந்தோம்,
எந்த நிமிஷம் நிறுத்தச் சொல்வது
என்று தெரியாமல்.

சேலத்து மே மாதம் யாரையும் கேட்பதில்லை.
ஓரம் சிவந்தது நடுவும் சிவந்தது.
வெள்ளி ஊசிகள்
விடிவதற்குள் பழைய குண்டூசிகள்.
கசக்கியது புளித்துக் கிடந்தது.
பச்சை மட்டும் பச்சையாகவே இருந்தது;
குடித்தால் முருங்கைக்கீரைத் தண்ணி.

பசியில் தோசைக்கல்லைச் சுட வைத்தவள்
மாவு இல்லை என்று தெரிந்ததும்
கோபத்திலா விளையாட்டிலா தெரியவில்லை,
நாங்கள் கிள்ளி ஒதுக்கியிருந்த காம்புகளை
அள்ளிக் கல்லில் போட்டாள்.
வெடித்தன.
கடலை வறுக்கும் மணம்,
அதற்கடியில் மழையில் நனைந்த கதவின் மணம்.
வெந்நீர் ஊற்றினோம்.
பாலில்லை. சர்க்கரை இல்லை.
"இனிக்குதுடி" என்றாள்.
நான் இன்னொரு டம்ளர் ஊற்றிக்கொண்டேன்.

திங்கட்கிழமை மண்டி வாசலில்
உரக்காரன் வண்டி.
சாக்கின் வாயை அவிழ்த்து
ஒரு படி காம்பு அள்ளினேன்.
"அது எதுக்கு உனக்கு?" என்றார் சேட்.
செடிக்கு, என்றேன்.