தங்கச்சிமடத்தில் ஒத்திகை

டோக்கன் நாள்.
பேஸ் குரல்கள் நாலும் படகேறிவிட்டன.
கால் ஆர்மோனியத்தின் இடக்கையே
அடிக்குரலாய் நடக்கட்டும் என்கிறார் பிரகாசி.

ஃபியூக் என்றால்
ஒருத்தி எடுத்த மெட்டை
இன்னொருத்தி பின்னாலேயே துரத்துவது.
"வட்டிக்காரன் மாதிரியா?"
கடைசி பெஞ்சில் சிரிப்பு.

அடுத்தது சஸ்பென்ஷன்.
சுற்றிலும் எல்லாம் மாறிய பிறகும்
பழைய சுரத்தையே பிடித்துக்கொண்டு நிற்பது.
உரசும். உரசட்டும்.
அப்புறம் ஒரு படி இறங்கு.

ஆல்ட்டோவில் கித்தேரி பிடித்தாள்.
அக்கரைச் சிறையில் அவள் புருஷன்,
நாற்பத்தொரு நாள்.
சோப்ரானோ மாறியது, டெனர் மாறியது,
கச்சான் காற்றில்
ஜன்னல் கொக்கி அடித்துக்கொண்டது.

அவள் இறங்கவில்லை.

பிரகாசி விரலை எடுக்கவில்லை.
கால்கள் மட்டும்
துருத்தியை மிதித்தபடி, மிதித்தபடி.