முப்பத்தாறு கிலோ

கப்பல் தாளில் 5,20,27,369.
எங்கள் தொட்டித் தராசில் 5,20,27,333.
கோதுமை, கிலோ கணக்கில்.
ஒன்பது நாள் இறக்கினோம்.
கடைசித் தொட்டி கவிழ்ந்தபோது இரவு ஒன்றரை.
சீனக்குடாவில் காற்றே இல்லை.

"முப்பத்தாறுதானே நிஸ்மியா,
புறா தின்றிருக்கும்" என்றார் பந்துல.
கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப்
படுக்கப் போனார்.
'திருகோணமலை' என்று தலைப்பிட்ட படிவத்தில்
ஒரு கட்டம் மட்டும் வெறுமை:
குறைவுக்குக் காரணம்.

விடியும்வரை நான் இருக்கவேண்டும்.
கல்குலேட்டர் இருந்தது, எண் இருந்தது.

மூன்றால் வகுத்தேன், ஒன்று மிஞ்சியது.
ஏழால் வகுத்தேன், அதே ஒன்று.
பதின்மூன்றுக்கு ஏழு மீதி,
பத்தொன்பதுக்குப் பதின்மூன்று.
இருபத்து மூன்றுக்கு ஒரேயொரு கிலோ போதவில்லை.
இருபத்தொன்பதுக்கும் போதாதது அந்த ஒரு கிலோதான்.
சிந்தியதைக் கூட்டி அள்ளினால்
இரண்டுக்கும் சரிவருமே என்று
எழுந்துபோய்ப் பார்த்தேன், மெய்யாகவே.
கன்வேயருக்குக் கீழே ஈரமாய் ஒரு பிடி.
எலி ஒன்று நிமிர்ந்து பார்த்தது.

இன்னும் எவ்வளவு தூரம் என்றறிய
வர்க்கமூலம் அழுத்தினேன்.
7212.9975.
அதுவரை தொள்ளாயிரத்துச் சொச்சம் முதன்மை எண்கள்;
அதற்குள் கிண்ணியாப் பாலத்தில் முதல் பஸ் வந்துவிடும்.

ஆனால் அந்தத் தசமம்...
இன்னும் ஒரு மயிரிழை வந்திருந்தால்
7213.
அப்படியே வைத்துப் பெருக்கினேன்.
5,20,27,369.
கப்பல்!

அதன் மூலமும் முதன்மை எண்தான், பார்த்துவிட்டேன்.
ஏழாயிரத்து இருநூற்றுப் பதின்மூன்று பேர் வந்தால்
ஆளுக்கு அத்தனை கிலோ.
வேறெந்தக் கூட்டம் வந்து கேட்டாலும்
மூட்டையை அவிழ்க்காத எண்.

முப்பத்தாறு போனது.
முப்பத்தாறும் வர்க்கம், ஆறின் வர்க்கம்.
வர்க்கத்தில் வர்க்கம் கழித்தால் என்னவாகும் என்று
ஓ.எல். வகுப்பில் கத்திக் கத்திப் பாடமாக்கினோமே,
அதுதான்:
இந்தப் பக்கம் ஆறு தள்ளி ஒன்று,
அந்தப் பக்கம் ஆறு தள்ளி ஒன்று.
7207. 7219.
அரைமணி நேரம் இரண்டையும் உடைத்துப் பார்த்தேன்.
உடையவில்லை.

ஒரு கிலோ கூடப் போயிருந்தாலும்
ஒரு கிலோ குறையப் போயிருந்தாலும்
இரட்டை எண்; யாரும் இரண்டாய் வெட்டியிருப்பார்கள்,
எனக்கும் நித்திரை வந்திருக்கும்.
போனது சரியாக முப்பத்தாறு.
ஒரு மூட்டை கூட இல்லை.

ஐந்தேகால். கொட்டியாரம் பக்கம் வெளுக்கிறது.
காரணம் கேட்ட கட்டத்தில்
காரணிகள் இரண்டையும் எழுதினேன்.
எழுதியதைப் பார்த்துக்கொண்டே கொஞ்சநேரம் இருந்தேன்.
பிறகு ஒரு கோட்டால் வெட்டி,
வெட்டிய இடத்தில் சுருக்கொப்பம் வைத்து,
புறா என்று போட்டேன்.