அரை விரல் இடப்பக்கம்

நட்சத்திரம் வெட்டிக் காட்டினான் விற்பனைப் பையன்.
எல்லா இயந்திரமும் நட்சத்திரம் வெட்டும், தம்பி.
எங்களுக்கு வேண்டியது தவளை.

குத்தாயிசியில் குழந்தைகளின் நாக்கைச் சுளுக்க
ஒரு வாக்கியம் உண்டு.
தவளை தண்ணீரில் கத்துகிறது, அவ்வளவுதான் பொருள்.
ஆனால் தொண்டைக்குள் கூழாங்கல் உருளாமல்
அதைச் சொல்லி முடிக்க முடியாது.
வெட்டும் கத்திக்கும் அதே பாடு.
முப்பத்து மூன்று எழுத்து எங்களுக்கு;
நேர்கோட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.
கொக்கி, சுழி, வால், வாலுக்குள் இன்னொரு சுழி.
ஜூஜூனா அந்த வாக்கியத்தை ஒரு விரல் உயரத்தில்
பென்டிரைவில் போட்டுக்கொண்டு
மூன்று வாரமாக அலைகிறாள்.
நான் டேப்பும் சாமணமும் சுமக்கிறவள்.

தொள்ளாயிரம் லாரிக் காசுக்கு ஒன்று.
மாவு மில் சத்தம்.
வட்டம் என்று நினைத்து அது போட்டது
இருபது மூலையுள்ள ஏதோ ஒன்று.
தொடங்கிய இடத்துக்குத் திரும்பி வந்து
மயிரிழை தள்ளி நின்றது,
சண்டை போட்ட வீட்டு வாசலில் நிற்கிறவன் மாதிரி.
களை எடுக்கும்போது அந்த மயிரிழைதான்
எழுத்தையும் சேர்த்துப் பிடுங்கும்.

திபிலீசியில் ஒன்று. நாலாயிரத்து இருநூறு.
கண்ணாடி அறை. காப்பியெல்லாம் கொடுத்தார்கள்.
மூச்சுச் சத்தம்கூட இல்லை அதற்கு.
தவளை முழுசாய் உரிந்து வந்தது, ஈரத் தோலோடு.
ஜூஜூனா அதைத் தன் கைப்பையின் மேலேயே
ஒட்டிக்கொண்டாள்.
திரும்பும் மினிபஸ்ஸில்
நாலாயிரத்து இருநூறை மாதங்களால் வகுத்தோம்,
குளிர்கால கேஸ் பில்லைக் கழித்தோம்.
ரிகோத்தி சுரங்கப்பாதை வருமுன்பே
கணக்கு தீர்ந்துவிட்டது.
சுரங்கத்துக்குள் யாரும் பேசவில்லை.

மூன்றாவது செஸ்தபோனியில்,
நோதாரி என்பவரின் கார் கொட்டகையில்.
பழைய ஜப்பான் சரக்கு, தூசிக்குத் திரைத்துணி போர்த்தி.
லாரிக் காசுக்கு இதை விற்றுவிட்டு
போலந்தில் லாரி ஓட்டப் போகிறார்.
நாங்கள் கேட்பதற்கு முன் அவரே சொன்னார்:
ஒரு மீட்டர் வரை தேன்.
அதற்கு மேல் இடப்பக்கம் ஒதுங்கும். அரை விரல்.
மூன்று மீட்டர் ஓட்டி, விரலை வைத்துப் பார்த்தோம்.
அரை விரல்தான்.
மறுபடி ஓட்டினோம். அதே அரை விரல்.

ஜூஜூனா ஒரு டயர் மேல் உட்கார்ந்து
கணக்கு நோட்டைப் பிரித்தாள்.
போன வருஷம் மீட்டருக்கு மேல் எத்தனை?
மினிபஸ் ஒன்று, இரண்டு பக்கமும்.
ஒரு விருந்து மண்டபம், இன்னும் பணம் தரவில்லை.
மிச்சமெல்லாம் பல் டாக்டர், மருந்துக்கடை,
தள்ளவும், இழுக்கவும்,
நாய் இருக்கிறது.
கோணல் பொய் சொல்லாவிட்டால்
அதை வைத்துக்கொண்டு வேலை செய்யலாம் என்றாள்.
ஆயிரத்து நூறு.
மூலையில் கிடந்த சிவப்பு வினைல் சுருளும் சேர்த்து.

இரவு அந்தச் சுருளை விரித்தபோது
விளக்குச் சாய்வில் கோடு தெரிந்தது.
வெட்டியிருக்கிறார். களை எடுக்கவில்லை.
சாமணத்தால் ஓரத்தைத் தூக்கினேன்,
தொழில் பழக்கம், கை நிற்காது.
வீடு என்று வந்தது.
அடுத்த சொல்லில் பாதி உரியும்போதே
அது விற்பனைக்கு என்று தெரிந்துவிட்டது.
ஜூஜூனா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.
உரித்ததைத் திரும்ப மேலே போட்டு
டேப்பின் உருளையால் தேய்த்தோம்.
ஒட்டியது, அங்கங்கே குமிழியோடு.
அந்த முழத்தை மட்டும் கத்தரித்து
அலமாரியின் மேல் வைத்தோம்; ஏன் என்று
அவளும் கேட்கவில்லை, நானும்.

காலையில் முதல் வேலை, பாலத்துப் பக்கம் ரொட்டிக்கடை.
எங்கள் ஊரில் ரொட்டிக்குப் பெயர் பூரி.
நாலே எழுத்து. முப்பது சென்டிமீட்டர்.
இயந்திரம் ஒதுங்க நினைப்பதற்குள்
முடிந்துவிட்டது.