இரண்டு சென்ட்டும் ஒரு சொல்லும்

வட கரோலினாவில், புகையிலை ஆலையின் கீழ்த்தளத்தில்
ஓசெல்லா பெட்டிஃபோர்ட் நரம்பு உருவினாள்.
இலையின் முதுகைப் பிளந்து
நடு நரம்பை ஒரே இழுப்பில் எடுக்க வேண்டும்.
கிழிந்தால் கூலியில் பிடிப்பு.
இருபத்தோரு வருஷம்.
நகக்கண்ணில் ஏறிய பழுப்பு
ஞாயிற்றுக்கிழமைக் கையுறைக்குள் ஒளிந்து
அவளோடு தேவாலயம் போய்வந்தது.

சம்பள உறையில் அவள் 318.
மேஸ்திரி க்ரௌடரின் வாயில் "ஏ பொண்ணு".
நாற்பத்துமூன்று வயதுப் பொண்ணு,
மூன்று பெற்று ஒன்றைப் புதைத்த பொண்ணு.
மேல்தளத்தில் சிகரெட் அடுக்கும் வெள்ளைக்காரிகளுக்கு
மின்விசிறி இருந்தது,
பெயருக்கு முன்னால் 'மிஸஸ்' இருந்தது.

அவர்கள் மொழியில்
வினைச்சொல்லின் வாலில் மரியாதை ஒட்டாது.
வந்தாளும் வந்தாரும் அங்கே ஒன்றுதான்.
இருக்கிற மரியாதையெல்லாம்
அந்த ஒற்றைச் சொல்லில்தான்.
நமக்கு விகுதி இருக்கிறது.
யாருக்குப் போட்டோம் என்பது வேறு கணக்கு.
பாருங்கள், நானே "உருவினாள்" என்றுதான் தொடங்கினேன்.
திருத்துகிறேன், கொஞ்சம் பொறுங்கள்
(எல்லாரும் சொல்வதுதான்).

ஜூன் மாதம் லியோட்டா கெய்தர் காய்ச்சலோடு நின்றாள்.
வீட்டுக்குப் போகட்டுமா என்றாள்.
"கதவு அங்கே இருக்கு, போனால் போனதுதான்"
என்றார் க்ரௌடர்.
(அவருக்கு மட்டும் 'ர்' தானாக வந்துவிட்டது.)

சாப்பாட்டு மணிக்குப் பிறகு
இலை வந்து குவிந்தது, மேலும் குவிந்தது.
ஒரு கையும் அசையவில்லை.
யார் முதலில் என்பதில் இன்றுவரை தகராறு.
ஓசெல்லா செய்தது இவ்வளவுதான்:
ஸ்டூலைத் திருப்பி
மேசைக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள்.
பிறகு இருநூறு முதுகுகள்.
அத்தனை வருஷ இரைச்சலுக்கு அடியில்
பக்கத்திலிருப்பவள் மூச்சுவிடும் சத்தம்
இருந்துகொண்டே இருந்திருக்கிறது.

சங்கத்தில் அட்டை அடித்துக் கொடுத்த பையன்
ஊருக்குப் புதியவன், விவரம் தெரியாதவன்,
'மிஸஸ் ஓசெல்லா பெட்டிஃபோர்ட்' என்று அடித்துவிட்டான்.
அவர் அதை
சில்லறை எண்ணுவதுபோல் எழுத்தெழுத்தாக எண்ணிப் பார்த்தார்.

கோரிக்கைத் தாளில் மணிக்கு ஐந்து சென்ட்,
ஒரு விசிறி, காய்ச்சலுக்கு விடுப்பு.
அடியில் பென்சிலால்:
எங்களையும் மிஸஸ் என்று கூப்பிட வேண்டும்.

முதலாளியின் வக்கீல் பல் குத்திக்கொண்டே படித்தார்.
"ரெண்டு சென்ட் தரலாம். விசிறி, பார்க்கலாம்.
கடைசி வரி மட்டும் முடியாது.
இன்றைக்கு இதைக் கொடுத்தால்
நாளைக்கு ஓட்டுக் கேட்பீர்கள்."
அதுவரை கேட்க நினைக்காதவர்களுக்கும்
அப்போதுதான் அது தோன்றியது.

அந்த ரெண்டு சென்ட் ஒப்பந்தத்தை வைத்தே
இரவுகளில் எழுத்துக் கூட்டினார்கள்:
'மேற்படி', 'இதன்கண்', 'இரு தரப்பினரும்'.
செப்டம்பரில் நீதிமன்றப் படி ஏறினார்கள்,
வேலை முடிந்த கையோடு, தூசி தட்டாமல்.

பதிவாளர் அரசியல் சட்டத்திலிருந்து ஒரு பத்தியை நீட்டினார்.
ஓசெல்லா இடறாமல் வாசித்தார்.
ஒப்பந்தத்துக்கு இது எவ்வளவோ தேவலை.
"பெயர்?"
"மிஸஸ் பெட்டிஃபோர்ட்."
"பெயரைக் கேட்டேன்."
"அதைத்தான் சொன்னேன்."

பேனா நின்றது.
நாற்பது பெண்களின் பாவாடைகளிலிருந்து
புகையிலைத் தூசி எழுந்து வெயிலில் மிதந்தது.
பதிவாளர் தும்மினார். மறுபடி தும்மினார்.
மூன்றாவது தும்மலில்
பெற்றவள் வளர்த்த பழக்கம் அவரை மீறிக்கொண்டு வந்தது:
"மன்னிக்கணும், மேடம்."

அறை முழுக்கக் கேட்டது.
அவர் காது நுனி சிவந்தது.
"நேரமாச்சு, வியாழக்கிழமை" என்று
பேரேட்டை மூடிக்கொண்டார்.

வியாழக்கிழமை போனார்கள்.
லியோட்டா கெய்தர் ஒரு கைக்குட்டை எடுத்துக்கொண்டார்,
பதிவாளருக்கு.