பதினேழாம் விரிசல்

க்ரோனிங்கனில் நிலம் குலுங்குவது
பெரிய விஷயமாகத் தெரியாது.
அலமாரியில் கோப்பைகள் லேசாகக் கிணுகிணுக்கும்.
நாய் தலை தூக்கிப் பார்த்துவிட்டு
மறுபடி படுத்துக்கொள்ளும்.
அறுபது வருடம் அடியிலிருந்து எரிவாயு எடுத்தார்கள்.
காலியான இடமும் கனக்கும் போலிருக்கிறது.

வுப்போ டைக்கெமாவின் கொட்டகைச் சுவரில்
விரிசல்களுக்கு எண் உண்டு.
பக்கத்திலேயே பென்சிலில் தேதி, மில்லிமீட்டர்.
பூட்ஸில் பீட்ரூட் வயல் சேறு உதிர உதிர
கன்றுகளைக் காட்டுவதுபோல் காட்டினார்.
"எட்டு வரை பணம் வந்துவிட்டது, நீ எடுத்துக்கொள்.
ஒன்பதிலிருந்து வழக்கில் இருக்கிறது.
தொடாதே."

நான் கொண்டுபோனது ஒரு தெளிப்பான்.
அதற்குள் கோடிக்கணக்கில் நுண்ணுயிர்கள்
விதைபோல் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தன.
வழிக்குக் கட்டுச்சோறாய்க் கொஞ்சம் கால்சியம் உப்பு.
மழை உள்ளே இறங்கினால் விழிக்கும்,
தின்னும், சுண்ணாம்பாய்க் கழியும்,
கழிந்த கல்லுக்குள்ளேயே அடைபட்டுப் போகும்.
நிதி கேட்டுப் பேசுகிற இடங்களில்
இந்தக் கடைசி வரியை நான் சொல்வதில்லை.

அக்டோபரில் ஒன்றிலிருந்து எட்டு வரை தெளித்தேன்.
நான்குக்கு நேர் கீழே பதினேழு இருந்ததை
அப்போது யோசிக்கவில்லை.

பிப்ரவரியில் போனபோது
நான்கில் ஒன்றுமே நடந்திருக்கவில்லை.
ஆறு, பாதி.
பதினேழில் மட்டும்
முழங்கால் உயரத்திலிருந்து ஆணி அடித்த இடம் வரை
வெள்ளையாய், மெல்லியதாய், ஒரு தையல்.
பூதக்கண்ணாடியோடு சேற்றில் மண்டியிட்டேன்.
சிரித்தேன் என்று நினைக்கிறேன்.
ஈஃப்கவுக்குப் படம் அனுப்பினேன்.
ஏழு ஆச்சரியக்குறிகளோடு பதில் வந்தது.

வுப்போ பின்னால் நின்றிருந்தார்.
"வியாழக்கிழமை மதிப்பீட்டாளர் வருகிறார்" என்றார்.
"இரண்டு வருடமாக அவருக்கு எழுதுகிறேன்.
விரிசலைக் காட்டு என்பார்.
நான் எதைக் காட்ட?"

விரல் வைத்துத் தடவினார்.
நகத்தால் சுரண்டப் போகிறார் என்று பயந்தேன்.
சுரண்டவில்லை. "கெட்டியாகத்தான் இருக்கிறது"
என்றார், திருடனின் வேலைத்திறனை
ஒப்புக்கொள்கிற குரலில்.

என் குறிப்பேட்டைக் காட்டலாம் என்றேன்,
படங்கள் உண்டு, அளவுகள் உண்டு.
"ஆறின புண்ணுக்கு யார் பணம் தருவார்கள்?"

வடமேற்கில் மேகம் திரண்டிருந்தது.
பதினேழில் இன்னும் இரண்டு சாண் திறந்தே கிடந்தது.
பதினெட்டின் ஓரத்திலும் ஒரு வெண்மை,
அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

பீட்ரூட் குவியலை மூடும் நீலத் தார்ப்பாயை
இருவருமாக இழுத்து வந்தோம்.
நான்கு வருட ஆராய்ச்சி,
ஒரு துளி நீருக்காகக் காத்திருக்கக் கற்றுக்கொடுத்தேன்,
இப்போது அந்தத் துளி விழாதபடி
கயிறு கட்டிக்கொண்டிருந்தேன்.
மழை வந்து தார்ப்பாயில் தட்டியது.
சுவர் உலர்ந்து கிடந்தது, உள்ளே தூக்கம்.

ஏணி மேலிருந்து வுப்போ கேட்டார்,
முடிச்சைப் பல்லால் இறுக்கிக்கொண்டே:
"வெள்ளிக்கிழமை அவிழ்த்துவிட்டால்
அதுகள் மறுபடி எழுந்திருக்கும்தானே?"