முட்டை ஓடு

வகுப்பில் இருபத்தேழு பிள்ளைகள்,
அமிர்தகலா டீச்சருக்கு ஒன்று:
இருபத்தெட்டு ஓடு வேண்டும்.

செவ்வாய் வெள்ளி போக ஒரு மாதம் முட்டைதான்.
ஆம்லெட், கிளறல், தோசைமேல் ஊற்றியது.
அடியில் ஐந்து காசு அகலத்துக்குத் துளை போட்டு
ஊதி எடுத்தேன்,
ஓட்டைக் கழுவி சன்னலோரம் கவிழ்த்தேன்.
செந்தூலில் பன்னிரண்டாம் மாடி எங்கள் வீடு.
கொமுட்டர் போனால் அவை மெல்லக் கிணுகிணுக்கும்.
"கோழிப்பண்ணை வைக்கப் போறியா?"
இரவு வேலை முடிந்து வந்த இவர்
அந்த வாரத்து நான்காவது ஆம்லெட் முன்னால்.

முந்தின இரவு அகார் அகார் காய்ச்சினேன்.
பாண்டான் பச்சை, ரோஸ் சிரப், தேங்காய்ப்பால்.
டீச்சருக்கு மட்டும் மூன்றும் அடுக்கடுக்காய்.
யுகன் அந்த ஓட்டில் மூக்குக்கண்ணாடி வரைந்தான்.
கோபப் புருவம் வேண்டாம்டா என்றேன்.
அதற்குள் வரைந்துவிட்டான்.

மறுநாள் பையை எறிந்துவிட்டுச் சொன்னான்:
எல்லாரும் உடைத்துத் தின்றார்களாம்,
தரையெல்லாம் ஓடாம்,
கவிமலர் ஓட்டையும் கடித்தாளாம்.
டீச்சர்?
உடைக்கவில்லையாம். கைக்குட்டையில் சுற்றி
பையில் வைத்துக்கொண்டாராம்.
"உள்ளே மூணு கலர் இருக்குன்னு சொன்னியா?"
"மறந்துட்டேன்."

பள்ளி பூட்டியாச்சு.
தேங்காய்ப்பால் விடியும்வரை தாங்காது.
பாத்திரம் கழுவும்போதும் அதே நினைப்பு.

பத்தரைக்கு வாட்ஸாப்பில் ஒரு படம்:
தட்டில் மூன்று நிறம், பாதி தின்றது.
பக்கத்தில் புருவம் மட்டும் கீறல் விழாத ஓடு.
கீழே ஒரு வரி:
நான் அவ்வளவு கோபக்காரியா?