உறவு: சிஸ்டர்

சாகேத் ஆஸ்பத்திரி, நான்காம் மாடி.
கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் என்ன உறவு
என்று படிவம் கேட்டது.
சிஸ்டர் என்று எழுதினேன்.
எழுதிய பிறகு சிரிப்பு வந்தது.
பன்னிரண்டு வருஷமாக டெல்லியில்
என்னையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்,
பேர் தெரிந்தவர்களும்.

உஸ்பெக் நாட்டு நமங்கானிலிருந்து வந்தவள் ஸெபினிஸோ.
அண்ணன் தோஹிர்ஜானுக்கு ஈரலில் பாதி தர.
முதல் நாள் வராந்தாவில் "அகா" என்று அவள் கத்த
யாருக்கோ நான் அக்காவாகி
கையில் டிரேயோடு திரும்பினேன்.
அவர்களுக்கு அண்ணன்தான் அகா.
தங்கைக்கு சிங்கில்.
இங்கிலீஷுக்கு யார் முதலில் பிறந்தால் என்ன.
கட்டத்துக்கு வெளியே பென்சிலில் 'இளையவள்' என்று குறித்தேன்.
யாரோ அழித்துவிட்டார்கள்.

கமிட்டியில் ஐந்து பேர், தட்டில் பிஸ்கட்.
எதற்குக் கொடுக்கிறாய், பணமா, வற்புறுத்தலா?
அவள் சொன்னது ஒரே வார்த்தை: ஜிகரிம்.
மொழிபெயர்க்கிற ஓய்தின் யோசிக்காமல்
"என் ஈரல்" என்றாள்.
தலைவர் பேனாவை நிறுத்தினார்.
அது தெரிகிறது, ஏன் என்றுதான் கேட்கிறோம்.
டீ கொண்டுவந்த ராம்பால் வாசலிலிருந்து
"ஜிகரி தோஸ்த், சார்" என்றான்.
அவன் ஊரில் ஈரல் சிநேகிதன்.
நமங்கானில் கூடப்பிறந்தவன்.
ஸ்கேனில் ஆயிரத்து நூறு கிராம்.
எனக்குத் தெரிந்த ஈரக்குலைக்கு
நடுங்க மட்டும்தான் தெரியும்.

கையெழுத்துக்கு முன் ஒரு வரி:
ஆபத்துகளை நான் அறிவேன்.
ஓய்தின் வாசிக்க, அவள் திருப்பிச் சொன்னாள்:
ஹவ்ஃபி போர் எகன்.
எகன் என்றால்?
ஓய்தின் கையை ஆட்டி ஆட்டித் தேடினாள்:
சொன்னார்கள், இப்போதுதான் தெரிகிறது,
கண்ணால் பார்க்கவில்லை...
ஆபத்து இருக்காம்,
என்றேன் எனக்குள்.
தலையசைக்கவும் அதே ஆம்,
பொறுப்பேற்காமல் கடத்திவிடவும் அதே ஆம்.
படிவத்தில் அதற்கு இடமில்லை. போட்டுவிட்டாள்.

ஜனவரி. பனிமூட்டத்தில் மெட்ரோ தூண்கள் பாதிக்குமேல் இல்லை.
அவள்தான் முதலில் விழித்தாள்.
"அகாம்?"
ஓய்தின் சாப்பிடப் போயிருந்தாள்.
நான் தியேட்டருக்குள் இருக்கவில்லை.
கதவிடுக்கில் ஒரு பையன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான்,
அவ்வளவுதான் என் கையிருப்பு.
"நல்லா இருக்காராம்" என்றேன், தமிழிலேயே.
ஒரு எழுத்தும் புரிந்திருக்காது.
ஆக்ஸிமீட்டர் மாட்டிய கையாலேயே
என் விரலைப் பிடித்தாள்.
திரையில் எண் தடுமாறியது.

இரண்டு நாற்பதுக்கு நோட்டில் எழுதினேன்:
டோனருக்குத் தகவல் தெரிவிக்கப்பட்டது.
எந்த மொழியில் என்று கேட்கிற கட்டம்
அதில் இல்லை.